கழித்துக் கழித்துப் பிறந்த செல்

நம் உடம்பில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைச் செல்கள் உண்டு. கண்ணில் ஒளியை வாங்குவது ஒன்று, இதயத்தில் ஓயாமல் துடிப்பது ஒன்று, கல்லீரலில் நஞ்சை முறிப்பது ஒன்று. அத்தனையும் ஒரே ஒரு கருவுற்ற முட்டையிலிருந்து வந்தவை. முதல் சில நாட்கள் கருவின் செல்கள் எதுவாகவும் மாறக்கூடியவையாக இருக்கின்றன. பிறகு ஒவ்வொன்றும் ஒரு வேலையை ஏற்கிறது. ஏற்றபின் பின்வாங்குவதில்லை. தோல் செல் பிரிந்தால் தோல் செல்தான் வரும், ஒருநாளும் நரம்பு வராது.

ஏன் அப்படி? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் உயிரியலாளர் அகஸ்ட் வைஸ்மான் ஒரு விளக்கம் சொன்னார். வளர வளர, ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டாத மரபுச் சரக்கைக் கழித்துவிடுகிறது என்றார். தோல் செல்லிடம் தோலுக்கான சரக்கு மட்டும் மிஞ்சும், ஆகவே திரும்பும் வழியும் இருக்காது. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்ததால் இந்த எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது.

அதை உடைத்தவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜான் கர்டன். ஆப்பிரிக்கத் தவளையின் முட்டை ஒன்றை எடுத்து, அதன் உட்கருவைப் புற ஊதாக் கதிரால் அழித்தார். அந்த இடத்தில் தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை வைத்தார். பெரும்பாலான முட்டைகள் வீணாயின. ஆனால் நூற்றில் ஒன்றிரண்டு, நீந்தும் தலைப்பிரட்டையாகவே வளர்ந்தன. 1962இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் சாரம் இதுதான்: குடல் செல் எதையும் கழித்துவிடவில்லை. முழுத் தவளைக்கான குறிப்பும் அதனுள் அப்படியே இருக்கிறது. படிக்க விடாமல் அது மூடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

34 ஆண்டுகள் கழித்து ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் இயன் வில்மட், கீத் கேம்ப்பெல் குழுவினர் இதையே பாலூட்டியில் செய்துகாட்டினார்கள். வளர்ந்த ஆட்டின் மடி செல்லை உட்கரு நீக்கிய முட்டையோடு இணைத்தார்கள். 277 முயற்சிகளில் ஒன்று டாலி என்ற ஆட்டுக்குட்டியாக 1996 ஜூலையில் பிறந்தது.

ஆக, முட்டைக்குள் ஏதோ இருக்கிறது. வளர்ந்த செல்லை ஆரம்ப நிலைக்குத் திருப்பும் சக்தி அதற்கு உண்டு. அது என்ன, எத்தனை பொருள்கள் சேர்ந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை. நூறு பொருள்கள்கூட இருக்கலாம் என்றுதான் பலரும் எண்ணினார்கள்.

கர்டனின் கட்டுரை வந்த அதே 1962இல் ஒசாகா பக்கத்தில் பிறந்தவர் யமனாக்கா ஷின்யா. அப்பா தையல் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் சிறிய தொழிற்கூடம் நடத்தியவர். வேலையில் காயம்பட்டு, அப்போது ஏற்றிய இரத்தத்தின் வழியே கல்லீரல் அழற்சி வந்தது. மகன் கோபே பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து எலும்பு அறுவை சிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்த மறு ஆண்டு, 1988இல், அப்பா இறந்துபோனார். வயது 58. அந்த அழற்சிக்குக் காரணமான வைரஸ் எது என்பது 1989இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

அறுவை சிகிச்சையில் யமனாக்கா சோபிக்கவில்லை. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய கட்டி அகற்றும் வேலை அவர் கையில் ஒரு மணி நேரம் இழுத்தது. மூத்த மருத்துவர்கள் 'ஜமனாக்கா' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 'ஜமா' என்றால் ஜப்பானிய மொழியில் இடைஞ்சல். ஆனால் அவரை ஆராய்ச்சிப் பக்கம் தள்ளியது இந்தக் கேலி மட்டுமல்ல. தண்டுவடம் முறிந்தவர்களையும், எந்த மருந்துக்கும் கட்டுப்படாத மூட்டு நோய்க்காரர்களையும் அங்கே பார்த்தார். எவ்வளவு கைதேர்ந்த மருத்துவராலும் அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அப்பாவுக்கும் அப்படித்தான் ஆயிற்று.

முனைவர் பட்டம் முடித்து, 1993இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் ஆய்வு நிலையத்துக்குப் போனார். கெட்ட கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிய ஒரு மரபணுவை எலிகளின் கல்லீரலில் கூடுதலாக வேலைசெய்ய வைத்தார். ஒருநாள் எலிகளைப் பராமரிக்கும் ஊழியர் வந்து, உங்கள் எலிகள் பலவும் கர்ப்பமாக இருக்கின்றன, ஆனால் அவை ஆண் எலிகள் என்றார். வயிறு வீங்கியிருந்தது கல்லீரல் புற்றுநோயால். சிகிச்சை ஆகும் என்று நினைத்தது நோயையே தந்துவிட்டது.

ஏன் இப்படி ஆனது என்று தேடும்போது 'நாட்1' என்ற மற்றொரு மரபணு கிடைத்தது. ஒரு மரபணு என்ன செய்கிறது என்று அறிய, அதை நீக்கிவிட்டு என்ன கெடுகிறது என்று பார்ப்பது உயிரியலில் நாளாந்த வழக்கம். அப்படி நீக்கப்பட்ட எலியை உருவாக்க, எலிக் கருவின் ஸ்டெம் செல் வேண்டும். 1981இல் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுத்த செல் அது. அளவில்லாமல் பெருகும், எந்தத் திசுவாகவும் மாறும். நாட்1ஐ நீக்கிப் பார்த்தபோது அந்த ஸ்டெம் செல்கள் பெருகின, ஆனால் வேறு எதுவாகவும் மாறும் திறனை இழந்துவிட்டன. கருவியாகக் கையில் எடுத்த செல்லே இப்படித்தான் அவருடைய ஆராய்ச்சிப் பொருளானது.

1996இல் ஒசாகா திரும்பியவரை வரவேற்றவை எலிக்கூண்டுகள். ஆராய்ச்சியைவிட, நூற்றுக்கணக்கான எலிகளுக்குத் தீவனம் வைத்துக் கூண்டு கழுவுவதிலேயே பொழுது போனது. நோயாளிக்குப் பயன்படும் ஏதாவது செய்யக் கூடாதா என்று மருத்துவ நண்பர்கள் கேட்டார்கள். மறுபடி எலும்பு மருத்துவத்துக்கே போய்விடலாம் என்ற முடிவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டார்.

இரண்டு விஷயங்கள் தடுத்தன. 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவின் ஸ்டெம் செல்லை வளர்த்துக் காட்டினார். எலியோடு நின்றிருந்த செல் மருத்துவத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. அடுத்து, 1999 கடைசியில் நாரா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் யமனாக்காவுக்குத் தனி ஆய்வுக்கூடம் கிடைத்தது.

ஆனால் மனிதக் கருவின் ஸ்டெம் செல்லுக்கு இரண்டு சிக்கல்கள். அதை எடுக்க, சில நாள் வயதுள்ள கருவை அழிக்க வேண்டும். 2001 ஆகஸ்டில் அதிபர் புஷ் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதிக்குக் கடும் வரம்பு வைத்தது இதனால்தான். யமனாக்காவுக்கும் மனத்தடை இருந்தது. நண்பரின் கருத்தரிப்பு மருத்துவமனையில் நுண்ணோக்கி வழியே ஒரு கருவைப் பார்த்தபோது, இதற்கும் தன் மகள்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று தோன்றியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடுத்தது, யாரோ ஒருவரின் கருவிலிருந்து செய்த திசுவை நோயாளியின் உடம்பு அந்நியன் என்று தள்ளிவிடும்.

உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் எல்லாம் ஸ்டெம் செல்லிலிருந்து நரம்பு, இதயம், கணையம் என்று முன்னோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் போட்டியிட முடியாது. யமனாக்கா எதிர்த்திசையைத் தேர்ந்தார். வளர்ந்தவரின் தோல் செல்லை எடுத்து, கருவைத் தொடாமலே, ஸ்டெம் செல்லாகத் திருப்புவது. அது முடியாத காரியம் என்று அவருக்கே பாதி நம்பிக்கை. ஆனாலும் புதிய மாணவர்களை இழுக்க அதையே இலக்காக அறிவித்தார். சேர்ந்தவர்களில் ஒருவர் தக்காஹாஷி கசுதோஷி. பொறியியல் படித்துவிட்டு வந்தவர், உயிரியல் அவருக்குப் புதிது.

யமனாக்காவின் ஊகம் எளிமையானது. ஸ்டெம் செல்லை ஸ்டெம் செல்லாகவே வைத்திருக்கும் மரபணுக்கள் எவையோ, அவையே சாதாரணச் செல்லையும் ஸ்டெம் செல்லாக்கக்கூடும். வெளியே கிடைத்த எலி மரபணுத் தரவுத்தளங்களைக் கணினியில் சல்லடை போட்டு, ஸ்டெம் செல்லில் மட்டும் உயிரோடிருக்கும் மரபணுக்களைக் குழு பொறுக்கியது. பிறர் கண்டவற்றையும் சேர்த்து 24 பெயர்கள் பட்டியலில் நின்றன.

பொறுக்கியவற்றில் ஒன்று 'எஃப்.பி.எக்ஸ்.15'. தொக்குசாவா யோஷிமி என்ற மாணவி அந்த மரபணுவை எலியிலிருந்து நீக்கினார். எலிக்கு ஒரு குறையும் வரவில்லை. தின்றது, ஓடியது, குட்டி போட்டது. நீக்கியும் எதுவும் கெடவில்லை என்றால் அந்த மரபணு இன்றியமையாதது அல்ல என்று பொருள், அந்த உழைப்பு போயிற்று. ஆனால் அந்த எலியில் ஒரு வசதி இருந்தது. எஃப்.பி.எக்ஸ்.15 இருந்த இடத்தில் ஒரு நச்சு மருந்தைத் தாங்கும் மரபணுவை வைத்திருந்தார்கள். சாதாரணத் தோல் செல்லில் அந்த இடம் மூடிக்கிடக்கும், மருந்தை ஊற்றினால் செல் செத்துப்போகும். ஸ்டெம் செல் நிலைக்குத் திரும்பினால் மட்டும் அந்த இடம் திறந்து, செல் பிழைக்கும். லட்சக்கணக்கான செல்களில் மாறிய ஒன்றிரண்டைத் தேடிப் பிடிக்கும் பொறி அந்த எலியின் உடம்பிலேயே தயாராக இருந்தது.

தக்காஹாஷி 24 மரபணுக்களையும் ஒவ்வொன்றாக, ரெட்ரோ வைரஸின் முதுகில் ஏற்றித் தோல் செல்களுக்குள் அனுப்பினார். எதுவும் பிழைக்கவில்லை. ஒன்று போதாது, சில சேர வேண்டும். எந்தச் சில? 24இலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்கவே 10,626 வழிகள். எத்தனை வேண்டும் என்பதே தெரியாதபோது, எல்லாச் சேர்க்கைகளும் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும். ஓர் ஆய்வுக்கூடம் அல்ல, ஒரு நாடே உட்கார்ந்தாலும் முடியாது.

உயிரியல் கற்ற எவரும் தயங்கும் காரியத்தை தக்காஹாஷி செய்தார். 24ஐயும் ஒன்றாக ஊற்றினார். ஒரே செல்லில் இத்தனை வைரஸ் புகுமா, புகுந்தால் செல் தாங்குமா என்ற கேள்விகளுக்கு விடைதேடிக்கொண்டிருக்கவில்லை. சில நாட்களில் தட்டில் ஸ்டெம் செல்லைப் போன்ற திட்டுக்கள் முளைத்தன. யமனாக்கா நம்பவில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்த வேறு ஸ்டெம் செல் கலந்திருக்கும் என்று நினைத்து, திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். ஒவ்வொரு முறையும் திட்டுக்கள் வந்தன.

அடுத்து, 24இல் தேவையானவை எவை? யமனாக்கா யோசனையில் ஆழ்ந்திருக்க, ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் என்ன என்று மாணவர்தான் கேட்டார். ரசத்தில் எது இல்லாவிட்டால் ரசம் ரசமாகாது என்று அறிய வேண்டுமானால், ஒவ்வொரு தடவையும் ஒரு பொருளை மட்டும் விட்டுவிட்டு வைத்துப் பார்ப்பதுபோல. புளியை விட்டால் தெரிந்துவிடும். பெருங்காயத்தை விட்டால் சமாளிக்கலாம். கோடிக்கணக்கான சோதனை வேண்டாம், 24 தட்டுகள் போதும். ஒவ்வொன்றிலும் 23 மரபணுக்கள்.

முதல் சுற்றில் பத்து மரபணுக்கள் முக்கியம் என்று தெரிந்தது. அந்தப் பத்திலும் ஒவ்வொன்றாக நீக்கினார்கள். நான்கு மிஞ்சின: ஆக்ட்3/4, சாக்ஸ்2, கே.எல்.எஃப்.4, சி-மிக். இந்த நான்கும் இருந்தால் எலியின் தோல் செல் ஸ்டெம் செல்லாகத் திரும்புகிறது. கழிபட்டவற்றில் 'நானோக்' என்ற மரபணுவும் உண்டு. ஸ்டெம் செல்லுக்கு இது இன்றியமையாதது என்று 2003இல் கண்ட குழுக்களில் யமனாக்காவுடையதும் ஒன்று. சொந்தப் பிள்ளை என்று அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தட்டு சொன்னபடி விட்டுவிட்டார்கள்.

2006 ஆகஸ்டில் 'செல்' இதழில் கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் இரண்டே பேர், தக்காஹாஷியும் யமனாக்காவும். அப்போது அவர்கள் கியோத்தோ பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார்கள். தூண்டப்பட்ட பன்திறன் ஸ்டெம் செல் என்ற பொருளில், சுருக்கமாக ஐபிஎஸ் செல் என்று பெயர். நூறு பொருள் இருக்கும் என்று எண்ணிய இடத்தில் நான்கா என்று பலர் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. தென்கொரியாவின் ஹுவாங் வூ சுக், டாலியை உருவாக்கிய அதே குளோனிங் முறையில் மனித ஸ்டெம் செல்லை எடுத்ததாகச் சொன்னது மோசடி என்று அம்பலமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஆனால் இந்தச் செய்முறையில் மர்மம் ஏதும் இல்லை. நான்கு பெயரும் அச்சில் இருந்தன. ஒரு வருடத்துக்குள் அமெரிக்க ஆய்வுக்கூடங்களும் அதையே செய்துகாட்டின.

2007 நவம்பர் 20 அன்று மனிதச் செல்லிலும் இது நடந்ததாக இரண்டு கட்டுரைகள் ஒரே நாளில் வந்தன. ஒன்று யமனாக்காவுடையது, அதே நான்கு மரபணுக்கள். மற்றது விஸ்கான்சினில் தாம்சன் ஆய்வுக்கூடத்தின் யூ ஜுன்யிங் செய்தது. நான்கில் இரண்டு மட்டும் பொது, மற்ற இரண்டு வேறு. கியோத்தோ குழு 36 வயதுப் பெண் ஒருவரின் முகத்தோல் செல்களிலிருந்து தொடங்கியது. 50,000 செல்களைப் போட்டால் பத்துத் திட்டுக்கள் தேறின. அவற்றிலிருந்து வளர்ந்த இதயத் தசை, தட்டிலேயே துடித்தது. டாலியை உருவாக்கிய வில்மட், குளோனிங்கை விட்டுவிட்டு இந்த வழிக்கு மாறுவதாக அறிவித்தார்.

செல் பிறந்துவிட்டது, மருந்தாகவில்லை. நான்கில் ஒன்றான சி-மிக், புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணு. ஐபிஎஸ் செல்லிலிருந்து வந்த எலிகளின் வாரிசுகளில் சுமார் ஐந்தில் ஒன்றுக்குக் கட்டி வந்தது. மரபணுவைச் சுமந்துசென்ற ரெட்ரோ வைரஸும் செல்லின் மரபுத் தொகுப்புக்குள் கண்ட இடத்தில் செருகிக்கொள்ளும். ஒரு மடிக்கணினியைப் பழுதுபார்க்கப் போய் வைரஸை விட்டுவந்த கதை என்று சிரிக்கவும் முடியாது, நோயாளியின் கண்ணிலும் மூளையிலும் வைக்கப்போகும் செல் இது. ஆகவே கழித்தல் தொடர்ந்தது. சி-மிக்கை எடுத்துவிட்டு, குறைந்த ஆபத்துள்ள எல்-மிக்கைச் சேர்த்தார்கள். வைரஸை நீக்கி, வேலை முடிந்ததும் தானே மறைந்துவிடும் பிளாஸ்மிட் என்ற மரபணு வளையத்தைக் கொண்டுவந்தார்கள்.

2012இல் கர்டனுக்கும் யமனாக்காவுக்கும் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து கொடுக்கப்பட்டது. கர்டன் அரை நூற்றாண்டு காத்திருந்தார். யமனாக்கா காத்திருந்தது ஆறே ஆண்டு.

முதல் சிகிச்சை 2014 செப்டம்பர் 12 அன்று கோபேயில் நடந்தது. வயது முதிர்வால் விழித்திரையின் மையம் கெட்டுவந்த, எழுபதுகளில் இருந்த ஒரு பெண். அவருடைய தோலிலிருந்தே ஐபிஎஸ் செல் செய்து, அதிலிருந்து விழித்திரை நிறமிச் செல்லின் மெல்லிய தாள் வளர்த்தார் ரிக்கென் நிறுவனத்தின் தக்காஹாஷி மசாயோ. தாளின் அளவு 1.3க்கு 3 மில்லிமீட்டர். பார்வை கூடவில்லை, ஆனால் மேலும் கெடுவது நின்றது, கட்டியும் வரவில்லை. இரண்டாவது நோயாளியின் செல்லில் மரபணு மாற்றங்கள் தென்படவே, அவருக்குச் செய்யாமல் நிறுத்தினார்கள்.

முதல் நோயாளிக்கு ஆன செலவு சுமார் 10 கோடி யென். ஒவ்வொருவருக்கும் அவரவர் செல்லைத் தனியாகச் செய்து, தனியாகச் சோதித்தால் கட்டுப்படியாகாது. கியோத்தோவில் 2010 முதல் யமனாக்கா தலைமையில் இயங்கிய ஐபிஎஸ் ஆய்வு மையம் வேறு வழி எடுத்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே மாதிரியான திசுப் பொருத்தக் குறியைப் பெற்றவர்கள் அபூர்வமாக இருப்பார்கள். அவர்களின் செல் பலருக்குப் பொருந்தும். அப்படிப்பட்ட சில கொடையாளிகளின் இரத்தத்திலிருந்து செய்து உறைநிலையில் வைத்த செல்கள், ஜப்பானியரில் சுமார் 40 விழுக்காட்டினருக்குப் பொருந்தும். எந்தக் கனவோடு தொடங்கினார்களோ, நோயாளிக்கு அவரது சொந்தச் செல் என்ற அந்தக் கனவையே கணக்கிலிருந்து கழிக்க வேண்டியிருந்தது. பதிலுக்கு, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து சேர்ந்தது.

கியோத்தோவின் தக்காஹாஷி ஜுன் இந்தக் கையிருப்புச் செல்லை வைத்து 2018இல் பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதனை தொடங்கினார். இவர் மசாயோவின் கணவர். தட்டில் 24ஐயும் ஊற்றிய கசுதோஷிக்கு உறவில்லை. பார்க்கின்சனில் டோப்பமின் சுரக்கும் ஒரு வகைச் செல்தான் முக்கியமாக அழிகிறது. அதனால் மாற்றுச் செல் வைக்கும் சிகிச்சைக்கு இந்த நோய் தோதானது. ஏழு பேரின் மூளையின் இரு பக்கமும் அந்தச் செல்லின் முன்னோடிகளை வைத்து இரண்டு ஆண்டு கவனித்தார்கள். 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. கட்டி இல்லை, பெரிய பக்கவிளைவு இல்லை. பலன் அளவிடப்பட்ட ஆறு பேரில் நால்வருக்கு, மருந்து எடுக்காத நேரத்திலும் உடலசைவு முன்பைவிடத் தேறியிருந்தது. ஆறு பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் வைத்த செல் மூளையில் பிழைத்து, டோப்பமினும் சுரந்தது.

உடம்புக்குள் வைக்காமலும் இந்தச் செல் மருத்துவத்துக்கு உழைக்கிறது. தசையெல்லாம் எலும்பாகிப்போகும் எஃப்.ஓ.பி. என்ற அரிய நோய் உண்டு. எலும்பு மருத்துவர்கள் கைவிரிக்கும் நோய். நோயாளிகளின் ஐபிஎஸ் செல்லில் அந்த நோயைத் தட்டிலேயே உண்டாக்கி, ஆயிரக்கணக்கான மருந்துகளைச் சோதித்துப் பார்த்ததில், ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ராப்பமைசின் தேறியது. 2017இல் நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது.

மரபணுக்களையே முற்றிலும் கழித்துவிட்டார் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் டெங் ஹாங்குய். வேதிப்பொருள்களை மட்டும் வரிசையாகக் கொடுத்து, 2013இல் எலிச் செல்லையும் 2022இல் மனிதச் செல்லையும் திருப்பினார். 2023 ஜூனில், முதல் வகை நீரிழிவு நோய் உள்ள ஒரு பெண்ணுக்கு, அவருடைய செல்லிலிருந்து அப்படிச் செய்த கணையத் திட்டுக்களை வைத்தார்கள். 75ஆம் நாளிலிருந்து அவருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. அவர் முன்பே கல்லீரல் மாற்று சிகிச்சைக்காக எதிர்ப்பு அடக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர் என்பதையும் சேர்த்துத்தான் இந்த வெற்றியை எடைபோட வேண்டும்.

யமனாக்கா அடிக்கடி ஒரு கணக்குச் சொல்வார். அப்பாவைக் கொன்ற ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் 1989இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் குணமாக்கும் நல்ல மாத்திரை வந்தது 2014இல். கண்டுபிடிப்பிலிருந்து மாத்திரை வரை 25 ஆண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் ஐபிஎஸ் செல்லுக்கு 2031 வரை தவணை உண்டு. ஆய்வு மையத்துக்கு நன்கொடை திரட்ட அவர் மாரத்தான் ஓடிக்கொண்டிருந்தது இந்த நீண்ட இடைவெளியைக் கடக்கத்தான்.

மூடியிருக்கும் செல்லைத் திறக்க எவ்வளவு வேண்டும் என்று உலகம் கூட்டிக்கொண்டே போனபோது, எவ்வளவு போதும் என்று கேட்டதில் பிறந்தது இந்தச் செல். வைரஸும் சி-மிக்கும் போயின, மரபணுக்களும் இல்லாமல் செய்துபார்த்தாயிற்று. எதிர்ப்பை அடக்கும் மருந்தும், செல்லை வளர்த்துச் சோதிக்க ஆகும் மாதங்களும், சாமானியர் எட்ட முடியாத விலையும் இன்னும் கணக்கில் நிற்கின்றன. இவற்றில் கடைசியாகச் சொன்னதைக் கழித்த பிறகுதான் இதை மருத்துவம் என்று சொல்ல முடியும்.